எண்ணெய் முன்னே, எஞ்சின் பின்னே

பல மாதங்கள் கொட்டகையில் ஓய்ந்து கிடந்த பழைய மோட்டார் வண்டியை, அதன் இயல்பு அறிந்தவர்கள் எடுத்த எடுப்பிலே கிளப்புவதில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்புறக் கைப்பிடியாலோ ஸ்டார்ட்டராலோ எஞ்சினை வெறுமனே சுழற்றுவார்கள். எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் முள் மேலெழுந்த பின்னரே பிளக்குகள் மீண்டும் தம் இடத்தை அடையும். இந்தப் பொறுமைக்குக் காரணம் யாது? அதனை அறிய, நேயர்களே, மோட்டார் வண்டி பிறப்பதற்கும் முந்திய ஒரு சோதனைக்குச் செல்லவேண்டும்.

இங்கிலாந்தின் இயந்திரப் பொறியியலாளர் கழகத்தின் பொருட்டுப் பீச்சம் டவர் என்பார் அச்சுகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெயில் தோய்ந்து சுழலும் அச்சின்மேல் அமர்ந்த தாங்கியில், எண்ணெய் ஊற்றுவதற்காக ஒரு துளை இட்டார். உள்ளே ஊற்ற இட்ட துளையின் வழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது! தக்கையால் அடைத்தார், மரமுளையால் அடைத்தார், இரண்டையும் எண்ணெய் வெளியே தள்ளிற்று. அமுக்கமானியைப் பொருத்தியபோது அது சதுர அங்குலத்துக்கு 200 இராத்தலையும் கடந்தது. இவ்வறிக்கை வெளிவந்தது 1883 இல். மஞ்செஸ்டர் பேராசிரியர் ஒஸ்போர்ண் றெயினோல்ட்ஸ் 1886 இல் இதன் கணிதத்தை விளக்கினார். சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்து, ஒடுங்கிச் செல்லும் இடைவெளியிற் புகுத்துகிறது. அங்கு எழும் அமுக்கமே பாரத்தைத் தாங்குகிறது. உலோகத்தை உலோகம் தொடுவதில்லை.

ஆயின், அச்சு நின்றால் அவ்வமுக்கமும் அற்றுப்போம். எண்ணெய் பிதுங்கி வெளியேற, உலோகம் உலோகத்தின்மேல் அமர்கிறது. எஞ்சினிலுள்ள பம்பு இப்படலத்தை உண்டாக்குவதன்று. அதற்கு வேண்டிய எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பதே அதன் தொழில். நெடுநாள் நின்ற வண்டியிலோ பம்பும் குழாய்களும் வறண்டிருக்கக்கூடும். அந்நிலையில் எஞ்சின் பற்றிக்கொண்டால், வெடிப்பின் முழு விசையும் நனையாத தாங்கியின்மேல் விழும். பழைய வண்டிகள் பலவற்றில் அத்தாங்கி, வெள்ளீயம் சேர்ந்த மென்மையான கலப்புலோகத்தை உருக்கி வார்த்தது. அதனை மீள வார்க்கத் தெரிந்தவர் இன்று சிலரே. பிளக்குகளைக் கழற்றிச் சுழற்றும்போது வெடிப்பும் இல்லை, காற்றை நெரிக்கும் சுமையும் இல்லை.

எல்லா வண்டிக்கும் இம்முறை பொருந்தாது. 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி உற்பத்தியான போர்ட் மொடல் டீ வண்டியில் எண்ணெய்ப் பம்பே இல்லை. பின்னே சுழலும் கனச்சக்கரம் வாரி இறைக்கும் எண்ணெயில் ஒரு பகுதி, குழாய்வழியே முன்னே ஓடும். பார்த்திருக்க முள்ளும் இல்லை! மாறாக, 1955 இல் வந்த செவ்ரலே வீ-எட்டு எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அவ்விடத்தில் நீண்ட தண்டொன்றை இறக்கி, மின் துரப்பணத்தால் பம்பை மட்டும் சுழற்றலாம். கைப்பிடி முறையினும் இது மேலானது என்பதே என் கருத்து. அங்கே முதற் சில சுற்றுகளாவது வறட்சியில் நிகழ்கின்றன. இங்கே எஞ்சின் அசையுமுன்னரே எண்ணெய் தாங்கியை அடைந்துவிடுகிறது.