நேபாளத்தில் 10-வது முடித்தால் அடுத்து என்ன? பிளஸ் டூ முதல் காலேஜ் வரை முழு விவரம்

இந்தியாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் நேபாளிகள்தான் அதிகம். சென்னை, வேலூர் காலேஜ்களிலும் அவர்களைப் பார்க்கலாம். அவங்க ஊரில் படிப்பு எப்படி நகர்கிறது?

முதல் தடை 10-வதில் வருகிறது. முன்பு எஸ்எல்சி என்று அழைக்கப்பட்ட தேர்வு, இப்போது எஸ்இஇ. அந்தக் காலத்தில் எஸ்எல்சிக்கு 'இரும்புக் கதவு' என்றே பட்டப்பெயர் இருந்தது. பெயர் மாறியதே தவிர பயம் குறையவில்லை. எழுத்துத் தேர்வில் 35 சதவீதம் எடுக்காவிட்டால் அந்தப் பாடத்துக்கு கிரேடே கிடையாது. துணைத் தேர்வு எழுத வேண்டும். 2024-ல் தேறியவர்கள் பாதிக்கும் குறைவு.

பிளஸ் டூவா, காலேஜா?

இங்கேதான் நமக்குக் குழப்பம். 11, 12 வகுப்பு நடத்தும் தனியார் பள்ளிகள் பலவற்றுக்குப் பெயரே 'காலேஜ்'. நிஜமான காலேஜை 'கேம்பஸ்' என்பார்கள். ஒரு நேபாளப் பையன் 'காலேஜ்ல படிக்கிறேன்'னு சொன்னா அவன் பிளஸ் ஒன்னாகவும் இருக்கலாம்! பல்கலைக்கழகங்கள் நடத்திய ஐ.எஸ்சி., ஐ.ஏ. படிப்புகள் நிறுத்தப்பட்டுவிட்டன. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 12-வது வரை பள்ளிக் கல்விதான். 12-வது தேர்வை தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது.

நேபாளி, ஆங்கிலம் கட்டாயம். மீதியில் எதை எடுக்கிறோம் என்பதில்தான் வாழ்க்கையே திரும்புகிறது. கணக்கை விட்டால் இன்ஜினியரிங் போச்சு, உயிரியலை விட்டால் டாக்டர் கனவு போச்சு. 16 வயதில் எடுக்கும் முடிவு இது.

பிளஸ் டூ வேண்டாம் என்றால் சிடிஇவிடி எனும் தொழில்கல்வி கவுன்சிலின் 3 ஆண்டு டிப்ளமோ இருக்கிறது. நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரி. நர்சிங், சிவில் படிப்புகளுக்கு நல்ல மவுசு.

உள்நாட்டில் என்ன வாய்ப்பு?

1959-ல் தொடங்கிய திரிபுவன் பல்கலைக்கழகம்தான் மூத்தது, பெரியது. கட்டணமும் குறைவு. அதன் கீழ் உள்ள புல்சோக் கேம்பஸில் இன்ஜினியரிங் சீட் கிடைப்பது, நம்ம ஊரில் கிண்டியில் கிடைப்பது போல. துலிகேலில் உள்ள காத்மாண்டு பல்கலைக்கழகம் செலவு கூடுதல். போகரா, பூர்வாஞ்சல் பல்கலைக்கழகங்களும் உண்டு.

மருத்துவத்துக்கு நாடு முழுக்க ஒரே நுழைவுத் தேர்வு. மருத்துவக் கல்வி ஆணையம் நடத்துகிறது. டாக்டர் கோவிந்த கே.சி. பலமுறை உண்ணாவிரதம் இருந்து போராடியதன் பின்னணியில் வந்த சட்டப்படி, அரசு மருத்துவக் கல்லூரிகளில் 75 சதவீத இடங்கள் இலவசம். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்கப் போகிறவர்களும் இந்தத் தேர்வில் தேறியாக வேண்டும். இது தெரியாமல் ஏஜென்ட் பேச்சை நம்பிப் பணம் கட்டினால் சிக்கல்தான்.

இந்தியாவுக்கு வந்தால்?

விசா தேவையில்லை. காத்மாண்டு இந்தியத் தூதரகம் உதவித்தொகையும் தருகிறது. பிரச்சினை காலண்டரில் இருக்கிறது. 12-வது ரிசல்ட் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட்டில்தான் வரும். அதற்குள் இங்கே அட்மிஷன் பாதி முடிந்திருக்கும். தற்காலிகச் சேர்க்கை தருவீர்களா என்று காலேஜில் முன்கூட்டியே கேட்காவிட்டால் ஒரு வருஷம் வீண். இன்னொன்று, மார்க்ஷீட்டில் கிரேடும் ஜிபிஏவும்தான் இருக்கும். இங்கே சதவீதம் கேட்பார்கள். எப்படி மாற்றிக் கணக்கிடுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. (சான்றிதழில் 2081 என்று இருந்தால் அச்சுப்பிழை இல்லை. விக்ரம் சம்வத் நம்மைவிட சுமார் 57 ஆண்டு முன்னால் ஓடுகிறது!)

ஆஸ்திரேலியா, ஜப்பான், கனடா போகிறவர்களும் ஏராளம். காத்மாண்டுவின் பாக்பஜார், புதலிசடக் தெருக்களில் எங்கு திரும்பினாலும் கன்சல்டன்சி போர்டுதான். யார் வழியாகப் போனாலும் கல்வி அமைச்சகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது என்ஓசி, அவசியம். அது இல்லாமல் கட்டணத்தை வங்கி மூலம் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 2022-23 நிதியாண்டில் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதை வாங்கியிருக்கிறார்கள்.