விறாந்தையை அடைப்பதற்கு முன்: வந்தாறுமூலை வளாகமும் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் முறையும்

கிழக்குப் பல்கலைக்கழகம் வெறுந்தரையில் எழுந்ததல்ல. 1981 ஆகஸ்ட் 1 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது, விஞ்ஞானத்துக்கும் விவசாயத்துக்கும் இடம் கொடுத்தது வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகமே. 1986 ஒக்டோபர் 1 இல் அது முழுப் பல்கலைக்கழகமானது. யாழ்ப்பாணத்திலும் இதுவே நடந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்தில்தான் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் பிறந்தது. ஆக, இவ்விரு பல்கலைக்கழகங்களும் பாடசாலைகளின் கூரைக்குக் கீழே வளர்ந்தவை. அக்கூரைகளை மாற்றும்போது எங்கிருந்து தொடங்குவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வேலை பெரும்பாலும் பொறியியலாளரின் அளவுப் பட்டியலில் தொடங்குகிறது. கட்டடத்தை அளந்து, வரைந்து, அதன் வரலாற்றை எழுதிவைத்த பின்னரே பட்டியல் வரவேண்டும் என்பது என் வாதம்.

சட்டம் இதற்குத் துணை வராது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2 க்கு முந்தியவற்றையே பழைமைச் சின்னங்களாகக் கொள்கிறது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் மத்திய பாடசாலைத் திட்டம் 1940களுக்குரியது. இலவசக் கல்வி கிராமத்துப் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த கட்டடங்கள் சட்டத்தின் கண்ணில் வெறும் அரச சொத்து. அவற்றைக் காப்பதும் இடிப்பதும் நிருவாகத்தின் தீர்மானம் மட்டுமே. அதனாலேயே அத்தீர்மானத்தின் பொறுப்பு பெரிது.

மட்டக்களப்பின் காற்றையும் மண்ணையும் முதலில் பார்க்கவேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணலில் இருக்கும் களுதாவளையில் பழைய செங்கல் வீடொன்றின் சுவரைக் கிட்ட நின்று பார்த்தால் விடயம் விளங்கும். பிற்காலத்தில் சீமெந்து பூசிய சுவரில், முழங்கால் உயரம்வரை பூச்சு பொரிந்து நிற்கும். விரல் பட்டால் மாவாக உதிரும். நிலத்து ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு செங்கல்லில் ஏறுகிறது. சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அதை உள்ளே அடைத்துவிடும். உப்புப் படிகமாகிப் பூச்சைத் தள்ளும். கொங்கிறீட்டிலோ உப்பு கம்பிவரை போய்விடுகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. அதன்மேல் வர்ணம் அடிப்பது பழுதுபார்த்தல் ஆகாது, பழுதை மறைத்தல். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் அருகிவிட்டார்கள் என்பது உண்மையான தடை. முன்புபோலச் சுண்ணாம்புக்காக முருகைக்கல்லைச் சுடவும் கூடாது. கரையோரத்தில் அதை அகழ்வதற்குத் தடை உண்டு. சுண்ணாம்பு வேறிடத்திலிருந்து வரவேண்டும், செலவு கூடும். அச்செலவு சில வருடங்களுக்கு ஒருமுறை சுவரைக் கொத்திப் பூசும் செலவோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்.

அடுத்தது விறாந்தை. இடம் போதாதபோது முதலில் அடைபடுவது அதுதான். அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்தால் ஒரு காரியாலயம் கிடைத்துவிடும். ஆனால் வைகாசி தொட்டு ஆவணிவரை கச்சான் காற்று அனலாக வீசும் நாட்டில், சுவரில் வெயில் படாமல் காப்பதும், மாரியில் சாரல் அடிக்கும்போது யன்னலைத் திறந்துவைக்க விடுவதும் விறாந்தையே. அதை அடைத்தால் உள்ளறை இருண்டு வெக்கையாகும். பிறகு குளிரூட்டி வேண்டும். குளிரூட்டிக்காக மிஞ்சிய யன்னலும் அடைபடும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தது. அப்படியொரு நாளில் அடைத்த அறையில் விரிவுரை நடத்த முடியாது. திறந்த அறையில் முடியும்.

நவீன வசதியே வேண்டாம் என்பதல்ல என் நிலைப்பாடு. நுண்கருவி வைத்த ஆய்வுகூடத்துக்குக் குளிரூட்டி அவசியம். சக்கரநாற்காலியில் வரும் மாணவிக்குச் சாய்தளம் அதைவிட அவசியம். அஸ்பெஸ்டஸ் தகடு போட்ட கூரை இருந்தால், புற்றுநோய் ஆபத்தைக் கருதி அதை முறையாக அகற்றவேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை. ஆனால் 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட மாவட்டம் இது. மீண்டும் ஓடு போடுவதானால் சட்டங்களையும் வளைகளையும் சுவரோடு இறுகப் பிணைத்தே போடவேண்டும். தேவையான அளவு மாற்று, அதற்குமேல் கைவைக்காதே என்பது 1979 இல் அவுஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனத்தின் சாரம். எங்கள் பழைய ஓடாவிமாரும் உளுத்த வளையை மட்டும் கழற்றி மாற்றியவர்கள்தான்.

பொறியியலாளரின் பட்டியலில் ஒருபோதும் வராத விடயம் ஒன்று உண்டு. 1990 இல் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5 அன்று அங்கு தஞ்சமடைந்திருந்தோரில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பவில்லை. குடும்பங்கள் எந்த மண்டபத்தில் தங்கின, எந்த இடத்தில் வரிசையில் நிறுத்தப்பட்டன என்பதைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சுவரை இடித்து அறையைப் பெருப்பிப்பது பிழையல்ல. அந்தச் சுவர் எங்கே நின்றது என்ற வரைபடமும், அங்கே இருந்தவர்களின் வாக்குமூலமும் இல்லாமல் இடிப்பது பிழை. விலைமனு கோருவதற்கு முந்திய ஆண்டிலேயே கலை கலாசார பீட மாணவரை நாடாவோடும் ஒலிப்பதிவுக் கருவியோடும் ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கும் அனுப்பலாம். அதற்குரிய பணம் புனரமைப்பு மதிப்பீட்டின் முதல் வரியாக எழுதப்பட வேண்டும். மிச்சப் பணத்தில் பார்க்கலாம் என்று கடைசிக்கு விட்டால் அந்த வேலை நடக்காது.