தேயிலைத் தோட்டமும் முரசு நோயும்

முரசு நோய் உலகப் பல் வைத்திய நூல்களிற் பேசப்படுமிடத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் பேசப்படுகின்றனர். அவர் தமிழரென்பதை அந்நூல்களைக் கற்போருட் பலர் அறியார்.

பற்சுத்தி செய்யாது விடப்பட்ட 12 பேருக்கும் மூன்று வாரத்துள் முரசு அழற்சியுற்றதையும், மீண்டும் துலக்கியபின் அது தணிந்ததையும் நோர்வே அறிஞர் ஹரால்ட் லோ 1965இல் வெளியிட்டார். பல்லிற் படியும் பற்றீரியாப் படலமே காரணமென்பது பெறப்பட்டது. அவ்வழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிப்பின் யாதாகும்? அதனையறியப் பல் துலக்காத, பல் வைத்தியமும் பெறாத மக்கள் வேண்டப்பட்டனர். 1970இல் இரண்டு தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையான ஆடவர் 480 பேர் பரிசோதிக்கப்பட்டனர்.

யாழ்ப்பாணத்தார்க்கு இது வியப்பளிக்கலாம். தந்தசுத்தியை நாட்கடனுள் வைத்து விதித்தது நாவலரின் சைவ வினாவிடை. வேப்பங்குச்சியும் உமிக்கரியும் இங்கே வளவிற் கிடைப்பன. விடியற்காலையிற் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவரும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை மறுக்கப்பட்ட சமூகத்தவருமாகிய அவரைப் பழித்தல் தகாது.

1985 வரை ஆய்வு நீடித்தது. முதலினும் முடிவினும் பரிசோதிக்கப்பட்டோர் 161 பேரே. யாவர் பல்லிலும் அழுக்கும் காரையும் ஒருபடித்தாயிருந்தன, விளைவோ வேறுபட்டது. நூற்றுக்கு 8 பேர்க்கு நோய் விரைந்து பரவி, 45 வயதிற் பற்கள் முற்றும் உதிர்ந்தன. 81 பேர்க்கு மெல்லப் பரவிற்று. 11 பேர்க்கோ முரசழற்சியோடு நின்றது. சூத்தைப் பல் அவரிடை அரிதாதலின், பல்லிழப்புக்கு முரசு நோயே காரணமென்பது ஐயமறத் துணியப்பட்டது. பற்றீரியா மாத்திரமன்று, அதனை எதிர்க்கும் உடலின் இயல்பும் நோயைத் தீர்மானிக்கிறதென்பது இதிலிருந்து புலப்படும்.

வாயின் நோய் உடலெங்கும் செல்லுமென்னுங் கருத்துப் பழையது. 1910இல் வில்லியம் ஹன்ரர் மொன்றியலில் இதனை வற்புறுத்தினார். அதன் பயனாக, பிணிக்குக் காரணமல்லாத பற்களும் ஏராளமாகப் பிடுங்கப்பட்டன! பின்னர் அக்கொள்கை மதிப்பிழந்தது. 1989இல் பின்லாந்து ஆய்வாளர் மாரடைப்புற்றோரின் வாய்நலம் குன்றியிருத்தலைக் காட்டியபின் அது மீளவும் ஆராயப்பட்டது. புண்பட்ட முரசின் வழியே பற்றீரியா குருதியிற் புகுதல் உண்மை. மாரடைப்புக்கு அதுவே காரணமென்பது இன்றும் நிறுவப்படவில்லை. நீரிழிவின் நிலை வேறு: முரசு நோயை அதன் ஆறாவது சிக்கலென 1993இல் லோ எழுதினார். நீரிழிவு முரசைக் கெடுக்கும். முரசு நோய் குருதிச் சர்க்கரையை உயர்த்தும்.

2010இல் ஆய்வாளர் மீண்டும் மலைநாடு சென்றபோது, அந்த 480 பேருள் 75 பேரையே பரிசோதிக்க முடிந்தது.