பேஸ்புக்கில் நாங்கள் வளர்த்த மாடுகள்



போன கிழமை பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளின் போன் விளையாட்டைப் பற்றிக் கதை வந்தது. "எங்கட காலத்தில இப்படியெல்லாம் இருந்ததா சேர்?" என்று ஒரு வாப்பா கேட்டார். கேட்டவர் 2010 இல் சுபஹுக்கு முன்னமே எழும்பி பேஸ்புக்கில் ஸ்ட்ரோபெரி அறுத்தவர். அது எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நாங்களும் அந்த நேரத்தில் அறுத்துக்கொண்டுதான் இருந்தோம். அதனால் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று நினைத்தோம்.

கணினியில் ஆடு மாடு வளர்த்து ஆதாயம் பார்ப்பது பேஸ்புக்கோடு தொடங்கியதல்ல. 1996 இல் ஜப்பானில் 'ஹார்வெஸ்ட் மூன்' வந்தது. அதைச் செய்த யசுஹிரோ வாடா கிராமத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்கு வந்தவர். விட்டுவந்த ஊரின் நினைவில்தான் அந்த விளையாட்டை உண்டாக்கினார். அதில் மாட்டுக்குத் தீன் வைக்க வேண்டும், உடம்பைத் தேய்த்துவிட வேண்டும், அதோடு பேசவும் வேண்டும். கவனிக்காமல் விட்டால் நோய் வந்து செத்தும் போகும். ஆனால் நாங்கள் மெசினை நிறுத்தினால் அந்தப் பண்ணையில் நேரமும் நின்றுவிடும். ஒரு மாதம் கழித்து வந்தாலும் மாடு அப்படியே நிற்கும்.

2007 இல் ரஷ்யாவின் அலாவர் கம்பனி 'பார்ம் ப்ரென்ஸி'யை வெளியிட்டது. கிணற்றில் தண்ணீர் எடுத்து ஊற்றினால் புல் முளைக்கும், புல்லைத் தின்று கோழி முட்டையிடும், முட்டையை லொறியில் ஏற்றி டவுனுக்கு அனுப்பினால் காசு வரும். இடையில் வானத்திலிருந்து கரடி விழும். கிளிக் பண்ணிப் பண்ணி அதைக் கூண்டில் அடைத்தால் அதையும் விற்கலாம்! அங்கேயும் நேரத்தோடு ஓட்டம்தான், ஆனால் ஒரு கட்டம் முடிந்தால் முடிந்ததுதான்.

மாற்றம் 2008 இல் சீனாவில் 'ஹெப்பி பார்ம்' விளையாட்டோடு வந்தது. அதில் கணினியை அணைத்தாலும் பயிர் வளரும். அடுத்தவரின் தோட்டத்தில் விளைந்ததைக் களவெடுக்கவும் இடமிருந்தது. அதற்காகவே சனம் அலாரம் வைத்து நடுச்சாமத்தில் எழும்பியது. இங்கே விளையாட்டின் மணிக்கூட்டை எங்கள் வீட்டு மணிக்கூட்டோடு கட்டிவிட்டார்கள். இந்த ஒரு யோசனைதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்பது எங்கள் கருத்து.

2009 ஜூனில் அமெரிக்காவின் ஸிங்கா கம்பனி 'பார்ம்வில்'லை பேஸ்புக்கில் இறக்கியது. (ஸிங்கா என்பது அதன் அப்போதைய முதலாளி மார்க் பிங்கஸ் வளர்த்த நாயின் பெயர்.) 2010 தொடக்கத்தில் மாதத்துக்கு 8 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதை விளையாடினார்கள். ஸ்ட்ரோபெரிக்கு 4 மணித்தியாலம், பூசணிக்கு 8. நேரத்துக்கு அறுக்காவிட்டால் வாடிப் போகும். மாடு மட்டும் சாகாது, அதற்குக் கால்வாய் நோய் வராது, மேய்ச்சல் தரைப் பிரச்சினையும் இல்லை. எங்கள் பக்கத்து மாட்டுக்காரர் யாரும் கேட்டால் சிரிப்பார்கள்.

காசு வந்த வழி இதுதான். சாதாரணக் காசு விளையாடினால் கிடைக்கும். நல்ல சாமான்களுக்கு 'பார்ம் கேஷ்' என்று வேறொன்று வேண்டும், அதை உண்மையான டொலர் கொடுத்து வாங்கலாம். பெரும்பாலானோர் ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆனால் காசு கொடுக்காதவர் ஆளைக் கொண்டு வந்தார். பண்ணையைப் பெருப்பிக்க அயலவர் தேவை, அயலவர் சேர அழைப்பு அனுப்ப வேண்டும். வழி தவறி வந்த பசு ஒன்று அழுதுகொண்டு நிற்கிறது, யார் வைத்துக்கொள்வீர்கள் என்று எல்லோருடைய பேஸ்புக்கிலும் போய் நிற்கும். இந்தத் தொல்லை தாங்காமல் 2010 மார்ச்சில் பேஸ்புக் அப்படியான அறிவிப்புகளை நிறுத்தியது. ஆனாலும் 2011 இல் பேஸ்புக்கின் வருமானத்தில் சுமார் 12 வீதம் ஸிங்கா மூலமே வந்தது.

பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரில் ஒரு நகர சபை உறுப்பினர் கூட்டத்தின் நடுவே பார்ம்வில்லில் பால் கறந்து பிடிபட்டு, ஒரு குழுவிலிருந்து நீக்கப்பட்டார். இங்கிலாந்தில் 12 வயதுப் பிள்ளை ஒன்று உம்மாவின் கிரெடிட் கார்டையும் தன் சேமிப்பையும் சேர்த்து 900 பவுணுக்கு மேல் செலவழித்தது. எங்கள் வீடுகளில் அப்போது கிரெடிட் கார்ட் இல்லாதது அல்லாஹ் செய்த உதவி.

2010 ஜூலையில் இயன் போகோஸ்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைக் கிண்டல் பண்ண 'கௌ கிளிக்கர்' செய்தார். ஒரு மாடு நிற்கும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அதைக் கிளிக் பண்ணலாம். அவ்வளவுதான். அந்தக் கிண்டலையே 50,000 பேரளவில் விளையாடினார்கள், மாடு வாங்கக் காசும் கொடுத்தார்கள். 2011 செப்டெம்பரில் அவர் எல்லா மாடுகளையும் மறையச் செய்தார். வெறும் தரைதான் மிச்சம். அதற்குப் பிறகும் சிலர் அந்த வெறும் தரையைக் கிளிக் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இதை வாசித்துவிட்டு எல்லாம் வீண் என்று எழுத நினைத்தோம். ஆனால் அப்படி எழுத முடியாமல் ஒரு வீடு இருக்கிறது. வாப்பா கட்டாரில், மகன் ஊரில் ஐந்தாம் ஆண்டு. கோல் எடுத்தால் காசு, ஸ்கைப் என்றால் இழுபடும். ஆனால் பார்ம்வில்லில் மகனின் பண்ணைக்கு வாப்பா அயலவர். டியூட்டி முடிந்து வந்து மகனின் கோழிக்குத் தீன் போட்டு, பயிருக்குப் பசளை போட்டுவிட்டுப் படுப்பார். காலையில் மகன் நெட் கபேயில் திறந்து பார்த்தால் வாப்பா வந்து போனது தெரியும். பேராசிரியரின் கணக்கில் இதுவும் ஒரு கிளிக்தான்.

2020 டிசம்பர் 31 இல் அடோப் பிளாஷ் நிறுத்தப்பட்டபோது பார்ம்வில்லும் மூடப்பட்டது. நவம்பரிலேயே காசு வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். எத்தனையோ வருடம் கட்டிய பண்ணைகளை யாரும் எடுத்து வைக்க முடியவில்லை. அந்த மகன் இப்போது வேலை செய்கிறார். மூடுவதற்கு முதல் வாப்பாவின் பண்ணையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருக்கிறார், எங்களுக்குக் காட்டினார். பத்துப் பதினைந்து மாடு, ஒரு கோழிக்கூடு, அரைவாசி கட்டின வேலி.

உங்களிடமும் பழைய பண்ணைப் படம் ஏதும் இருந்தால் கொமெண்டில் போடுங்கள்.