ஒண்ணு தள்ளும், ஒண்ணு திங்கும்

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பிட்டராக இருந்தவர் என் பெரியப்பா. ரோலர் மேசையின் பித்தளைப் பட்டைகளைக் கழற்றி மாட்டியே விரல் நுனி காய்த்துப் போனவர். போன மாதம் கனடாவிலிருந்து அவர் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்டில் ஒரு மேசை, ஒரு வாளி நிறைய இராணுவம் சுட்டுக் கழித்த ரவைக் கூடுகள், பக்கத்தில் இரண்டு கருவிகள். "அப்பா, ரெண்டையும் வாங்கிட்டேன். எதை வச்சுக்கிறது, எதைத் திருப்பிக் குடுக்கிறது?"

தம்பி இலக்குச் சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினன். அந்த நாட்டில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் சொந்தப் பாவனைக்கு வெற்றுக் கூட்டை மறுபடி நிரப்பிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. லுணுகலையில் இதே வேலையைச் செய்தால் நேரே பதுளை நீதிமன்றம்தான். 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் அப்படி. பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கில் கால் போனவர்களைப் பார்த்து வளர்ந்த ஊரில், அந்தச் சட்டங்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஆனாலும் பித்தளை எந்த ஊரிலும் பித்தளைதான். அதனால் பெரியப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கூட்டின் அடியில் ஒரு குழி. அதில் பிரைமர் என்கிற சின்னத் தொப்பி உட்கார்ந்திருக்கும். துவக்கின் ஊசி அதைத்தான் தட்டுகிறது. மெஷின்கன் போன்ற வேகமான ஆயுதங்களில் இந்தத் தொப்பி கழன்று பொறிக்குள் விழுந்தால் எல்லாம் சிக்கி நின்றுவிடும். அதற்காகவே இராணுவத் தொழிற்சாலைகளில் குழியின் விளிம்பை உள்பக்கமாக அமுக்கித் தொப்பியைக் கவ்வ வைக்கிறார்கள். சுட்ட பிறகு பழைய தொப்பியைத் தட்டி வெளியே எடுத்தாலும் அந்தக் கவ்விய உதடு அப்படியே நிற்கும். புதுத் தொப்பி உள்ளே போகாது, போனாலும் நசுங்கும். குழியின் குறுக்களவு சின்ன வகையில் நாலரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பெரிய வகையில் ஐந்தே காலுக்குச் சற்று மேல். அந்த உதட்டை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு கருவிகளும் பிரிகின்றன.

முதலாவது, மேசையில் முடுக்கிவைக்கும் நெம்புகோல் கருவி. அரிசோனாவின் டில்லன் கம்பெனி செய்யும் சூப்பர் ஸ்வேஜ் 600 இந்த இனத்தில் பேர்போனது. கூட்டின் வாய்வழியாக ஓர் இரும்புக் கம்பி உள்ளே போய் அடித்தளத்தைத் தாங்கிக்கொள்ளும். கைப்பிடியை அழுத்தினால் எதிர்ப்பக்கமிருந்து ஓர் உருக்குக் குமிழ் குழிக்குள் ஏறி உதட்டை வந்த வழியே தள்ளிவிடும். துளிப் பித்தளைகூட உதிராது. மற்றது, உள்ளங்கைக்குள் அடங்கும் பிடியில் பொருத்திய ரீமர். ஹார்னடி முதல் பல கம்பெனிகள் விற்கின்றன. குழியில் வைத்து நாலு சுற்றுச் சுற்றினால் உதட்டைச் சீவித் தள்ளிவிட்டு, விளிம்பில் சின்னச் சரிவு ஒன்றையும் விட்டுவைக்கும்.

வீடியோவை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்த பெரியப்பா சொன்னது இதுதான்: "ஒண்ணு தள்ளுது. ஒண்ணு திங்குது."

பாதி ஒப்பாய்வு அந்தப் பேச்சிலேயே முடிந்துவிடுகிறது. தொழிற்சாலையில் புஷ்ஷுக்கு ரீமர் போடும்போது அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கால் சுற்று, நிறுத்தி ஊதுவார், தண்டை நுழைத்துப் பார்ப்பார், மறுபடி கால் சுற்று. தின்றது திரும்பி வராது என்ற பயம் அந்தக் கையில் இருந்தது. ரவைக் கூட்டில் அந்தப் பயம் இன்னும் கூடுதலாகவே வேண்டும். சுடும் கணத்தில் உள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டைத் தாண்டும். குழி தளர்ந்திருந்தால் தொப்பியின் ஓரத்தால் சூடான வாயு பீறிடும். அது சுடுகிறவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நடக்கிற காரியம்.

அப்படியானால் தள்ளுகிற கருவிதான் உத்தமம் என்று முடிவு கட்டலாமா? எனக்கும் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அதற்கும் ஒரு கண்மூடித்தனம் உண்டு. உள்ளே தாங்கும் கம்பியை ஒரு கூட்டின் அடித்தள மொத்தத்துக்குத்தான் சரிசெய்து வைக்க முடியும். அந்த மொத்தமோ தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். தம்பியின் வாளியில் பெரும்பங்கு கியூபெக்கில் செய்த ஐ.வி.ஐ. முத்திரைக் கூடுகள், நடுவே மிசூரியின் லேக் சிட்டி ஆலையின் எல்.சி. முத்திரையும் கலந்து கிடந்தது. ஒன்றுக்குச் சரிபார்த்த கம்பி மற்றதில் போதாமலும் போகும், குழியை அகட்டியும் விடும். ஆகவே முதலில் முத்திரை பார்த்துப் பிரிக்க வேண்டும். ஆயிரம் கூட்டைப் பிரிப்பது நாள் முழுக்கப் பிடிக்கும் வேலை. ரீமருக்கு இந்தக் கவலை குறைவு, அது குழியின் வாயை மட்டுந்தான் பார்க்கிறது. பிடி சூடாகி, பெருவிரல் வலித்து, இருநூறாவது கூட்டில் கவனம் சிதறுகிற மனிதன்தான் அதன் பலவீனம்.

இந்த இடத்தில் பெரியப்பா எழுந்துபோய் ஜன்னல் மாடத்திலிருந்து ஒரு பொருளை எடுத்துவந்தார். சின்ன வயதில் நாங்கள் வாயில் வைத்து ஊதிய விசில், பழைய 303 ரவைக் கூடு. தேயிலைக்குள் கான் வெட்டும்போது கிடைத்தது. 1900 முதல் 1949 வரை இலங்கையில் தோட்டத்துரைமாருக்கென்றே ஒரு தொண்டர் படை இருந்தது, சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர். அந்தக் காலத்துச் சரக்கு. அடியில் கே, எஃப் என்ற இரண்டு எழுத்துகள், நடுவே அம்புக்குறி. பூனாவுக்குப் பக்கத்துக் கிர்க்கி ஆலையின் முத்திரை.

அதன் வாயில் டோர்ச் அடித்துப் பார்த்தால் அடியில் நடுத்துளை இல்லை, ஓரமாக இரண்டு பொடித் துளைகள். இது பெர்டான் முறை. ஹைரம் பெர்டான் அமெரிக்கர். ஒற்றை நடுத்துளை முறையைக் கொண்டுவந்த எட்வர்ட் பொக்சர் ஆங்கிலேயர். இரண்டுமே 1860களின் வேலை. பிறகு விதி விளையாடியதில் அமெரிக்கர் முறை ஐரோப்பிய இராணுவங்களுக்கும், ஆங்கிலேயர் முறை அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தன. நடுத்துளை இருந்தால்தான் கூட்டின் வாய்வழியே ஊசி விட்டுப் பழைய தொப்பியைத் தட்ட முடியும். பெர்டான் கூட்டில் ஊசி முறியும். தம்பி வாங்கிய இரண்டு கருவிகளுமே எங்கள் விசிலுக்கு உதவாது.

பித்தளையைக் கழுவுகிற விஷயத்தில் ஊரும் வெளிநாடும் அதிகம் விலகவில்லை. அங்கே சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் கூடுகளை உருட்டுகிறார்கள். இங்கே கோயில் குத்துவிளக்குக்குப் புளி. அமோனியா கலந்த பொலிஷ் மட்டும் கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த ரவைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் இறுகிய பித்தளையைப் பிளக்கிறது என்று 1921இல் விளக்கினார்கள். பெரியப்பாவுக்கு இது புதுச் செய்தி. "அதான் நம்ம மாட்டுக் கொட்டகையில மாட்டுன மணி கீறல் விட்டுச்சோ" என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

தம்பிக்குப் போன பதில்: வாளிக் கணக்கில் வேலை என்றால் நெம்புகோல், முத்திரை பிரித்த பிறகு மட்டும். பிரித்து மிஞ்சுகிற நாற்பது ஐம்பதுக்கு ரீமர். எதில் போட்டாலும் அளவுக்கட்டை வைத்துப் பார்க்காமல் ஒரு கூடும் நிரப்பும் டப்பாவுக்குப் போகக் கூடாது. திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை.

அவன் ரீமரால் இருபது கூட்டைச் சீவி வீடியோ கோலில் காட்டினான். ஒன்றில் புதுத் தொப்பி விரல் அழுத்தத்துக்கே உள்ளே விழுந்தது. "அது செத்துச்சு, தட்டையா நசுக்கிப் போடு" என்றார் பெரியப்பா. பிறகு மேசையில் மினுங்கிய சீவல்களைக் காட்டி, அதை எதில் சேர்க்கிறாய் என்று கேட்டார். எங்கள் தொழிற்சாலையில் பித்தளைச் சீவல் ஒரு பால்மா டின்னில் சேர்ந்து, மாதக் கடைசியில் ஸ்டோர் ஐயாவின் தராசில் ஏறும்.

"வெக்யூம் போட்டு இழுத்துடுவேம்பா. குப்பைக்குத்தான்."

பெரியப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.