துவக்குத் திருகாணியின் இறுக்கம்

துவக்கு என்பது இரும்பும் மரமும் கூடி வாழும் ஒரு கருவி. குழலும் வெடிப்புப் பொறியும் இரும்பு. தோளிற் பொருந்தும் கட்டை மரம். இவ்விரண்டையும் பிணைத்து வைப்பவை இரண்டு அல்லது மூன்று திருகாணிகளே. அவை தளர்ந்திருப்பின், ஒவ்வொரு வெடிக்கும் எழும் பின்னுதைப்பால் இரும்பு தன் இருக்கையில் நகரும். முதற் குண்டு பட்ட இடத்தில் இரண்டாவது படாது. மிகுதியாக இறுக்கினாலோ மரம் நசியும். இரும்புடல் சிறிது வளையும். திருகாணியின் மரை அறுந்துபோதலும் உண்டு. அப்பொழுதும் குறி தவறும். ஆகவே, எவ்வளவு இறுக்குதல் வேண்டும் என்னும் வினா துவக்கோடு உடன்பிறந்த வினா எனலாம். ஆயினும் அதற்கு எண்ணால் விடையிறுக்கும் வழக்கம் மிகப் பிந்தியே தோன்றியது. அதற்கு முன்னர் விடை கம்மியனின் மணிக்கட்டில் இருந்தது. அவன் அதனைத் தன் மாணாக்கனுக்குச் சொல்லால் உணர்த்தவில்லை. அவன் கைமேல் தன் கையை வைத்தே உணர்த்தினான்.

பழங்காலத் துவக்குகளிலே ஒரு திருகாணி ஒரு துளைக்கென்றே பிறந்தது. கம்மியன் அரத்தால் அராவி, பொருத்திப் பார்த்து, மீண்டும் அராவி, இசைந்த பின்னரே அதனை விட்டான். ஒரே பட்டறையில் ஒரே நாளில் ஆக்கிய இரு துவக்குகளின் திருகாணிகளை மாற்றியிட்டால் அவை ஏறா. எது எதற்குரியது என அறிதற்காகத் திருகாணித் தலைகளிற் புள்ளியும் கீறலும் இட்டுவைப்பது வழக்கம். போர்க்களத்தில் ஒரு சிறு உறுப்பு ஒடிந்தால், துவக்கு முழுவதும் பட்டறைக்குத் திரும்பவேண்டி வந்தது.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் முன்னிற்பவர் பிரான்சு நாட்டுத் துவக்குக் கம்மியர் ஒனோரே பிளாங் என்பார். 1785 ஆம் ஆண்டு பாரிசு நகரையடுத்த வின்சென் கோட்டையில், ஐம்பது துவக்குகளின் சுடுபொறிகளைப் பிரித்து, உறுப்பு உறுப்பாகத் தனித்தனி அறைப்பெட்டிகளில் அவர் அடுக்கிவைத்தார். அக்காலத்தில் அமெரிக்கத் தூதுவராகப் பிரான்சில் இருந்த தோமஸ் ஜெபர்சன் அங்கு சென்று, கைக்கு அகப்பட்ட உறுப்புகளை எடுத்துத் தாமே சில பொறிகளைப் பூட்டிப் பார்த்தார். யாவும் செவ்வனே பொருந்தின. அவ்வியப்பை அவர் அதே ஆண்டு தம் நாட்டுக்கு எழுதிய கடிதத்திற் காணலாம். பிளாங்கின் பட்டறை கோட்டைச் சிறையின் சுவர்களுக்குள்ளே அமைந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய முறையினாற் கைத்திறனுக்கு மதிப்பின்றிப் போகும் என அஞ்சிய துவக்குக் கம்மியரும் வணிகரும் அவரைப் பகைத்தனர். அப்பகைக்கு எட்டாத இடமொன்று அவருக்கு வேண்டியிருந்தது.

ஜெபர்சன் கண்ட வித்தை கடல் கடந்தது. அமெரிக்காவில் ஈலை விற்னி 1798 இல் பத்தாயிரம் துவக்குகள் செய்து தருவதாக அரசுடன் உடன்படிக்கை செய்தார். இரண்டாண்டளவில் முடிக்கவேண்டிய வேலை 1809 இலேயே முடிந்தது. 1801 இல் அவர் வாஷிங்ரனில் நிகழ்த்திக் காட்டிய பொருத்துக்காட்சி பள்ளிநூல்களிற் புகழப்படுவது. ஆனால் எஞ்சியிருக்கும் அவருடைய துவக்குகளைப் பிற்காலத்தார் பிரித்துப் பார்த்தபோது, உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை. பழைய அடையாளக் கீறல்களும் அவற்றில் இருந்தன. புகழ் ஒருபுறம் இருக்க, வேலையை உண்மையில் முடித்தவர் வேறொருவர்.

அவர் ஜோன் ஹோல். வேர்ஜீனியா மாநிலத்து ஹார்ப்பர்ஸ் பெரி என்னும் ஊரில் இருந்த அரசாங்கப் படைக்கலச்சாலையில், 1819 முதல் அவர் தம் றைபிளை ஆக்கத் தொடங்கினார். ஒவ்வோர் உறுப்புக்கும் இரும்பாலான அளவுப்படிகளை அவர் அமைத்தார். தொழிலாளி கையில் ஒரு தொகுதி. சோதிப்பவர் கையில் ஒரு தொகுதி. இவை தேய்ந்தனவா எனப் பார்ப்பதற்கு எவரும் எடுத்தாளாத மூலத் தொகுதி ஒன்று. கண்ணும் கையும் செய்த தீர்ப்பை இனி அளவுப்படி செய்தது. 1834 இல், நெடுந்தொலைவிலுள்ள கொனெற்றிக்கற் மாநிலத்திற் சிமியோன் நோர்த் என்பவர் செய்த உறுப்புகளும் ஹார்ப்பர்ஸ் பெரியில் ஆக்கிய துவக்கிற் பொருந்தின.

இம்மாற்றம் அமைதியாக நிகழ்ந்ததென எண்ணலாகாது. அரத்தைத் தம் குலச்சொத்தாகக் கருதிய கம்மியர், வந்தபோது வந்து, வேலை முடிந்தபோது சென்று பழகியவர்கள். கடுமையான ஒழுங்குவிதிகளைப் புகுத்திய மேலதிகாரி தோமஸ் டன் என்பவரை, 1830 சனவரியில், வேலையிழந்த கம்மியன் ஒருவன் அவருடைய அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றான். அவ்வாண்டிலேயே அவன் தூக்கிலிடப்பட்டான். 1842 இல், மணிக்கூட்டுக்கு அடங்கி உழைக்க மறுத்த தொழிலாளர் ஒரு படகை வாடகைக்கு அமர்த்தி, கால்வாய் வழியே வாஷிங்ரன் சென்று, சனாதிபதி ரைலரிடம் நேரில் முறையிட்டனர். அவர் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பியனுப்பினார். மணிக்கூடு நின்றது; அவர்களே பணிந்தனர்.

இங்கிலாந்திலே திருகாணிக்கு ஒழுங்கு வகுத்தவர் மன்செஸ்ரர் நகரப் பொறியியலாளர் ஜோசப் விற்வேர்த். நாடெங்கணும் உள்ள பட்டறைகளிலிருந்து திருகாணிகளைத் திரட்டி, அவற்றின் சராசரியைக் கண்டு, 55 பாகைக் கோணமுடைய ஒரே மரையை 1841 இல் அவர் முன்மொழிந்தார். அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கையும் உணர்த்தும் அளவுப்பொறியை ஆக்கியவரும் அவரே. அறுகோணத் துளையுடைய றைபிள் ஒன்றையும் அவர் வகுத்தார். 1860 யூலை 2 ஆந் திகதி, விம்பிள்டன் வெளியில், விக்டோரியா மகாராணியார் 400 யார் தூரத்திலுள்ள இலக்கை நோக்கி அந்த றைபிளின் விசையைக் கயிற்றால் இழுத்தார். குண்டு மையத்துக்கு இரண்டங்குலத்துள் தைத்தது. றைபிள் அப்பொழுது இரும்புத் தாங்கியொன்றில் அசையாது பூட்டப்பட்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும்; மகாராணியார் குறிபார்க்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு நுண்மை கைவந்த காலத்திலும் ஒன்று அளவுக்கு அடங்காது நின்றது. திருகாணியின் பருமனை அளந்தனர். மரையின் கோணத்தை அளந்தனர். அதனை எவ்வளவு வலிமையோடு முறுக்குவது என்பதை அளக்கவில்லை. பிறப்பிலே துல்லியமாகிவிட்ட திருகாணி, பூட்டும் வேளையிற் பழைய மணிக்கட்டுக்கே திரும்பியது.

அதன் விளைவை அறிந்தவர்கள் வேறு வழி தேடினர். 1895 முதல் பிரித்தானியப் படையும், பின்னர் இலங்கைப் படையினரும் நெடுங்காலம் ஏந்திய லீ என்பீல்ட் றைபிளைப் பார்க்கலாம். அதன் முன்திருகாணியைச் சூழ, கட்டையின் துளைக்குள் ஒரு சிறு இரும்பு வளையம் உண்டு. எவ்வளவு இறுக்கினாலும் இரும்பு அவ்வளையத்தின்மேல் வந்து நிற்கும், மரம் நசியாது. மழைக்காலத்தில் ஊதியும் கோடையிற் சுருங்கியும் போகும் வாதுமை மரத்தின் குணத்தை அறிந்த ஒருவருடைய ஏற்பாடு இது. ஆனால் மரம் வளையத்தின் உயரத்துக்குக் கீழே சுருங்கிவிட்டால், திருகாணி இறுகியதுபோல் நிற்கும், துவக்கோ உள்ளே ஆடும். 1898 ஆம் ஆண்டு ஜேர்மானிய மவுசரிலே திருகாணித் தலையருகே இன்னொரு குறுந்திருகாணி காவலாக நின்று, பெரியது கழன்று திரும்பாதபடி தடுத்தது. இவையெல்லாம் இறுக்கத்தை அளக்கும் வழிகளல்ல. அளக்க இயலாமையைச் சமாளிக்கும் வழிகள்.

அளக்கும் கருவி படைக்கலச்சாலையிலே பிறக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் வேடிக்கை. அது நியூயோர்க் நகரின் தெருக்களுக்கடியிற் பிறந்தது. நகர நீர்வழங்கற் பகுதியில் வேலைசெய்த கொன்ராட் பார் என்பவர், நிலத்தடிக் குழாய்களின் விளிம்புகளைப் பிணைக்கும் ஆணிகளைத் தொழிலாளர் அளவுமீறி இறுக்குவதால் நேரும் உடைவைக் கண்டு, 1918 இல் முறுக்கின் அளவை உணர்த்தும் ஸ்பனர் ஒன்றை ஆக்கினார். பட்டறைகளில் 'டோர்க் ரென்ச்' எனப் பெயர் பெற்ற கருவி அதுவே. காப்புரிமை விண்ணப்பம் பல ஆண்டுகள் காத்திருந்தது. அதற்குள் மோட்டார் வண்டித் தொழில் இத்தகைய கருவியைத் தேடத் தொடங்கியிருந்தது. எஞ்சினின் தலைமூடியை ஒருபுறம் இறுக்கி மறுபுறம் தளர்த்தினால் மூடி கோணும், வாயு ஒழுகும். பின்னர் ஆகாயவிமானத் தொழிலும் இக்கருவியின்றி இயங்காதாயிற்று.

அதன் தத்துவம் எளிது. கைபிடியின் நீளத்தை இழுக்கும் விசையாற் பெருக்கினால் முறுக்கு வரும். ஆறங்குலக் கைபிடியைப் பதினொரு இறாத்தல் விசையோடு இழுத்தால், ஏறத்தாழ 65 அங்குல-இறாத்தல். ஒருவகைக் கருவியில் தண்டு வளைய, வளையாத முள்ளொன்று எண்பலகையில் அளவைக் காட்டும். மற்றொருவகையிற் கைபிடிக்குள் ஒரு வில் உண்டு. குறித்த அளவு வந்தவுடன் நெம்பு வழுக்கிக் 'கிளிக்' என்னும். முந்தியது பழுதுபடுதல் அரிது. பிந்தியது கண்ணால் எண்பலகை பார்க்கவியலாத இடத்திலும் உதவும்.

துவக்கின் வாயிலுக்கு இக்கருவி வந்தது, தொலைநோக்குக் குறிகாட்டி பெருவழக்கான பின்னரே. மெல்லிய குழலுடைய அக்கண்ணாடியைச் சிறு வளையங்கள் தாங்கும். வளையத்தின் திருகாணியை ஒரு சுற்று மிகைப்படுத்தினால் குழல் நசுங்கும். 1988 இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்ற எம் 24 என்னும் றைபிளிற் கட்டை மரமன்று. இழைகலந்த செயற்கைப் பொருள். அதனுள்ளே இரும்புடல் அமர அலுமினியப் பாளம் ஒன்று. அதன் திருகாணிகளுக்கு 65 அங்குல-இறாத்தல் என அளவு வகுத்து, அந்த அளவிலேயே வழுக்கும் கைக்கருவி ஒன்றையும் துவக்குப் பெட்டியோடு கொடுத்தனர். நசியாத பாளம் வந்தபின்னரே நிலையான எண்ணுக்குப் பொருள் உண்டாயிற்று. பழைய மரக்கட்டைத் துவக்குக்கு அவ்வெண்ணை அப்படியே எடுத்தாளுவது அறியாமை; மரம் அதனைத் தாங்காது போகலாம். ஒவ்வொரு துவக்குக்கும் அதனை ஆக்கியவர் வகுத்த எண்ணே உரியது.

கருவியைத் தெரிவதிலும் பிழை நேர்வதுண்டு. மோட்டார்ச் சில்லின் ஆணிக்கென நூறு அடி-இறாத்தல் வரை அளக்கும் பெரும் ஸ்பனரைத் துவக்கிற் பிரயோகிப்பது, நெல்மூடை நிறுக்கும் தராசிற் பொன் நிறுப்பதை ஒக்கும். 65 அங்குல-இறாத்தல் என்பது ஐந்தரை அடி-இறாத்தலிலும் குறைவு. அக்கருவி அதனை உணரவே மாட்டாது. வேண்டிய எண் தன் எல்லையின் நடுப்பகுதியில் விழும் சிறு கருவியே தக்கது. இழுக்கும்போது வெட்டியிழுத்தலாகாது, ஒரே சீராக இழுத்து, ஒலி கேட்டவுடன் நிறுத்துதல் வேண்டும். உறுதிக்காக இன்னொரு முறை இழுப்பவர் எண்ணைக் கெடுக்கிறார். கழற்றுதற்கு அதனைக் கையாளுவதும் தவறு.

இவற்றிலும் முதன்மையானது எண்ணெய். கருவி அளப்பது முறுக்கை. துவக்குக்கு வேண்டுவது பிணைப்பு. முறுக்கிற் பெரும்பங்கு, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, திருகாணித் தலையின் கீழும் மரையிலும் எழும் உராய்விலே செலவாகிறது. எஞ்சிய ஒரு பங்கே ஆணியை இழுத்துப் பிணைக்கிறது. எண்ணெய் பட்டு உராய்வு குறைந்தால், அதே எண்ணிற் பிணைப்பு மிகுந்து மரை அறும்; துருவும் மணலும் இருந்தால், எண் வந்தும் பிணைப்பு வராது. கோணலாக ஏறிய திருகாணியிலும் கருவி 'கிளிக்' என்னத் தவறுவதில்லை. அதனாலேயே இன்றைய கம்மியரும் மரையைத் துடைத்து, முதற் சில சுற்றுகளை விரல்நுனியால் ஏற்றி, தடையின்றிச் செல்கிறதா எனப் பார்த்த பின்னரே கருவியைக் கையிலெடுக்கின்றனர்.

வேலை முடிந்ததும் வில்லைத் தளர்த்தி, அதன் மிகக் குறைந்த எண்ணுக்குக் கொண்டுவந்து வைப்பர். இறுகியே கிடக்கும் வில் நாளடைவிற் சோர்ந்து பொய்யுரைக்கும். ஹோலின் அளவுப்படிகள் தேய்ந்தனவா எனப் பார்க்க ஒரு மூலத் தொகுதி இருந்ததுபோல, இக்கருவியையும் காலந்தோறும் நீளமறிந்த கையொன்றிற் பூட்டி, நிறையறிந்த படிக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிக்கின்றனர்.