தூரினிலிருந்து வந்தவர்



கிறிஸ்து பிறப்பு விழா வந்தால் நம் ஊரில் பல வீடுகளுக்குப் பிரான்சிலிருந்து போன் வரும். 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு, ஆறு மாதக் கெடுவுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டுப் போனவர்களின் பிள்ளைகள், சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகள். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு வாரம் நோயேல் விடுமுறை. சில குடும்பங்கள் காரை எடுத்துக்கொண்டு இத்தாலியில் உள்ள தூரின் நகருக்குப் போகின்றன. லியோன், சாம்பேரி தாண்டினால் ஆல்ப்ஸ் மலை. பனிக்காலமானதால் பனி டயரோ சக்கரத்துக்குச் சங்கிலியோ கையில் இருக்க வேண்டும். ஃப்ரெஜூஸ் சுரங்கத்தில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் மலைக்குள்ளேயே ஓட்டம். வெளியே வந்தால் இத்தாலி. தூரினில் தொன் போஸ்கோ கட்டிய சகாய அன்னை பேராலயத்தைப் பார்க்கிறார்கள், படம் பிடித்துப் பாட்டிக்கு அனுப்புகிறார்கள்.

அந்த ஊரிலிருந்து ஒருவர் நம் ஊருக்கு வந்திருந்தார். அதை நாம் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

அவர் பெயர் சார்ல் தோமா மெய்யார் தெ தூர்னோன். தூரினில் 1668-இல் பிறந்தவர். பாப்பரசர் பதினொன்றாம் கிளமென்ட்டின் தூதராகச் சீனாவுக்குப் போகும் வழியில், 1703 நவம்பர் 6-இல் புதுச்சேரியில் இறங்கினார். அப்போது வயது 34. தங்கியது எட்டு மாதம். அதில் பெரும்பகுதி நோயில் கழிந்தது. உள்நாட்டுக் கிராமங்கள் எதையும் அவர் நேரில் பார்க்கவில்லை. முக்கியமாக இரண்டு சேசு சபைக் குருக்களை விசாரித்தார். 1704 ஜூன் 23 தேதியிட்ட ஆணை ஒன்றை எழுதி, ஜூலையில் வெளியிட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்.

ஆணை நம் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. சிலுவையோ மாதா உருவமோ இருக்கலாம். நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பெண் வயதுக்கு வந்ததைக் கொண்டாடக் கூடாது. கூடாது, கூடாது என்றே நீளும் ஆணை அது. எட்டு மாதத்தில், அதுவும் படுக்கையில் கிடந்தபடி, ஒரு சனத்தின் வழக்கங்களைத் தீர்ப்பிடலாமா என்று கேட்டால், கூடாது என்றே நாமும் சொல்வோம்.

ஆனால் அதே ஆணையில் வேறு இரண்டு சொற்களும் உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்களைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்து தடுக்கக் கூடாது என்றார். நோயில் கிடக்கும் பறையர் கிறிஸ்தவரின் வீட்டுக்குள்ளேயே குரு போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்றார். அதுவரை பல இடங்களில் சாகக் கிடந்தவரைத் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. மேல்சாதிக்காரர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் குருக்களுக்கு. தாலி பற்றிப் பேசும்போது கோபப்படும் நாம், இந்தப் பகுதியை வாசிக்காமல் தாண்டிவிடுவதுண்டு.

அவர் சொன்னது உடனே நடந்துவிடவில்லை. நாற்பது ஆண்டுகள் மனுக்களும் மறுமனுக்களும் ரோமுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1744-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் விவகாரத்தை முடித்துவைத்தார். குருக்கள் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டியதாயிற்று. பறையர் வீடுகளுக்கென்று தனிக் குருக்களை நியமிக்கலாம் என்ற சமரசமும் வந்தது. அதாவது, வாசற்படி தாண்டுவதற்கும் தனி ஆள்! அந்தப் பிரமாணம் நீக்கப்பட்டது 1940-இல்தான்.

புதுச்சேரியில் நடந்ததோ வேறு. 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள் வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். பறைச்சேரி மக்கள் கூட்டமாகப் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்று முறையிட்டார்கள். சுவரை இடிக்கச் சொன்னார் அவர். சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிள்ளையவர்கள் கிறிஸ்தவர் அல்லர், வெளியிலிருந்து பார்த்தவர். அதனால்தான் நாம் மறைத்திருக்கக்கூடிய செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது.

அந்தப் பழைய கோயிலை 1761-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். அதே இடத்தில் 1791-இல் எழுந்ததுதான் இப்போது நாம் சாமக்கோழி நேரத்துப் பூசைக்குக் கூடும் சென்மராக்கினி மாதா கோயில். இந்த நோயேலுக்குத் தூரினிலிருந்து பேரப்பிள்ளைகள் போன் போட்டால், வீடியோவில் பாட்டியின் தாலியைக் காட்டச் சொல்லுங்கள். சிலுவை பொறித்திருந்தால், இந்தக் கதையை அங்கிருந்து தொடங்கலாம். சுவரில் முடியுங்கள்.